செஸ் எஞ்சின்களை நியாயமாக மோதவிடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ஒரு செய்தி செஸ் உலகத்தையே உலுக்கியது. அவர்களுடைய ஆல்ஃபாஜீரோ, ஸ்டாக்ஃபிஷ் 8 எஞ்சினோடு (செஸ் ஆடும் நிரலைத்தான் எஞ்சின் என்கிறோம்) 100 ஆட்டங்கள் ஆடி 28-இல் வென்றது. மீதி 72-உம் டிரா. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எல்லோரும் அந்த ஆட்டங்களின் அழகைப் பேசிக்கொண்டிருந்தபோது, எஞ்சின்களைச் சோதித்துப் பழகியவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: எந்த நிபந்தனையில் ஆடினார்கள்?

கேள்வியில் நியாயம் இருந்தது. ஸ்டாக்ஃபிஷுக்கு 64 த்ரெட் (இணையாக ஓடும் இழை) கொடுத்துவிட்டு, தேடிய நிலைகளைச் சேமிக்கும் ஹாஷ் நினைவகத்தை 1 ஜிபியோடு நிறுத்தியிருந்தார்கள். நேரமும் நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. எந்த இடத்தில் நின்று யோசிப்பது, எந்த இடத்தில் சட்டென்று ஆடிவிடுவது என்பதற்காக ஸ்டாக்ஃபிஷில் பல வருடம் மெருகேற்றிய பகுதிக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு வருடம் கழித்து, 2018 டிசம்பரில், சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையில் நிபந்தனைகள் மாறியிருந்தன. 1000 ஆட்டங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 மணி நேரம், நகர்த்தலுக்கு 15 விநாடி கூடுதல், ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி ஹாஷ். அப்போதும் ஆல்ஃபாஜீரோ 155 ஆட்டங்களில் வென்று 6-இல் மட்டுமே தோற்றது. முதல் முடிவைப் பற்றி ஆயிரம் சந்தேகம் கிளப்பலாம். இரண்டாவதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஜெயித்தது ஒரே நிரல்தான். ஆனால் ஒரு முடிவை நம்ப வைப்பது அதைச் சுற்றி இருந்த நிபந்தனைகள்.

வீட்டுக் கணினியில் இரண்டு எஞ்சின்களை மோதவிடுகிறவருக்கும் இதே விதிதான். ஆட்டங்கள் முடிந்து ஒரு வித்தியாசம் தெரிந்தால், அந்த வித்தியாசம் எஞ்சின்களால் மட்டுமே வந்ததாக இருக்க வேண்டும். கணினியாலோ, தொடக்க வரிசையாலோ, கடிகாரத்தாலோ, அதிர்ஷ்டத்தாலோ வந்திருக்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் அந்த நான்கையும் ஒவ்வொன்றாக விலக்கும் வேலைதான்.

முதலில் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

"எது பெரிய எஞ்சின்?" என்பது சோதிக்கக்கூடிய கேள்வி அல்ல. "ஒரு கோர், 64 எம்பி ஹாஷ், 10 விநாடியும் நகர்த்தலுக்கு 0.1 விநாடியும் என்ற நேரத்தில், இந்த இரண்டில் எது அதிகப் புள்ளி எடுக்கும்?" என்பது சோதிக்கக்கூடியது. நீங்களே ஒரு எஞ்சின் எழுதுகிறவர் என்றால் கேள்வி இன்னும் குறுகும்: நேற்றுச் செய்த மாற்றம் எஞ்சினை வலுப்படுத்தியதா, இல்லையா?

ஒரு கோப்பைத் திறந்து கேள்வி, நேரம், ஹாஷ், த்ரெட், தொடக்க வரிசைத் தொகுப்பு, ஆட்டங்களின் எண்ணிக்கை, எப்போது நிறுத்துவது என்று அத்தனையையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். இதைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். பாதியில் பிடித்த எஞ்சின் பின்தங்கும்போது "ஹாஷ் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமே" என்று கை பரபரக்கும். அப்போது உங்களைத் தடுத்து நிறுத்தப்போவது அந்தக் கோப்பு ஒன்றுதான்.

கருவி

இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவை யூசிஐ என்ற நெறிமுறையைப் பேசுகின்றன. 2000-இல் வந்த இது, எஞ்சினும் அதை இயக்கும் நிரலும் சாதாரண எழுத்து வரிகளால் பேசிக்கொள்ளும் முறை. பழைய எஞ்சின்கள் சில எக்ஸ்-போர்டு என்ற வேறொரு நெறிமுறையைப் பேசும். ஆட்டங்களை நடத்திவைக்க கியூட்செஸ், ஃபாஸ்ட்செஸ் ஆகிய இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. பலகை, காய் எல்லாம் திரையில் ஓட வேண்டும் என்றால் அரீனா போன்ற நிரல்கள் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஓட்ட கட்டளை வரியிலிருந்து இயங்கும் கருவியே நல்லது. படம் வரைவதில் கணினியின் சக்தி வீணாகாது. அதோடு, நீங்கள் கொடுத்த கட்டளையே நிபந்தனைகளின் பதிவாக ஆகிவிடும். அதை அப்படியே நகலெடுத்துச் சேமித்து வையுங்கள்.

கணினியைத் தயார் செய்தல்

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. எஞ்சினின் வலிமை என்பது ஒரு விநாடியில் எத்தனை நிலைகளைத் தேட முடிகிறது என்பதோடு நேரடியாகப் பிணைந்தது. ஒரு எஞ்சினின் வேகம் பாதியாகக் குறைந்தால், அதன் நேரத்தைப் பாதியாகக் குறைத்ததற்கு அது சமம்.

முதலில் கோர்கள். உங்கள் கணினி 8 கோர், 16 த்ரெட் என்று காட்டினால், நிஜத்தில் இருப்பது 8 கோர்தான். ஒரே கோரின் இரண்டு த்ரெட்களில் இரண்டு ஆட்டங்களை ஓட்டினால் ஒன்று மற்றொன்றின் வேகத்தை உறிஞ்சும். அதுவும் ஒரே சீராக உறிஞ்சாது. ஆகவே ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டங்களின் எண்ணிக்கையை நிஜக் கோர்களை வைத்துக் கணக்கிடுங்கள், ஒன்றிரண்டு கோரை இயங்குதளத்துக்கு விட்டுவிடுங்கள். 8 கோர் இருந்தால் ஒற்றை த்ரெட் ஆட்டங்கள் 6 ஓட்டலாம். எதிராளி யோசிக்கும்போது எஞ்சின் சும்மா இருக்கும்படி பாண்டர் வசதியை அணைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. பாண்டர் போட்டிருந்தால் இரண்டு எஞ்சின்களும் எந்நேரமும் யோசிக்கும், ஆட்டத்துக்கு இரண்டு கோர் வேண்டும். சோதனைக்குப் பாண்டரை அணைத்துவிடுவதே வழக்கம்.

அணைத்துவிட்டால் மட்டும் போதாது, அணைந்ததா என்றும் பாருங்கள். நீண்ட நேரக் கட்டுப்பாட்டில் ஒரே ஒரு ஆட்டத்தை ஓடவிட்டு, பணி மேலாளரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை யோசிக்கும்போது கறுப்பின் சிபியு பயன்பாடு பூஜ்யத்தில் கிடக்க வேண்டும். கறுப்பின் முறை வந்ததும் அது ஏற வேண்டும், வெள்ளை இறங்க வேண்டும். முறை இல்லாத நேரத்திலும் ஒரு எஞ்சின் கோரைத் தின்றுகொண்டே இருந்தால், அது பக்கத்து ஆட்டங்களின் நேரத்தைத் திருடுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் தொடரக் கூடாது.

அப்புறம், 2021-இல் இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையோடு பரவலான கலப்புக் கோர்கள். ஒரே சில்லுக்குள் வேகமான கோர்களும், மின்சாரம் சேமிக்கும் மெதுவான கோர்களும் கலந்திருக்கும். ஒரு எஞ்சின் வேகமான கோரிலும் மற்றது மெதுவான கோரிலும் போய் உட்கார்ந்தால் அந்த ஆட்டத்துக்கு மதிப்பே இல்லை. எங்கே உட்கார வேண்டும் என்பதை இயங்குதளத்தின் விருப்பத்துக்கு விடாமல், எல்லா ஆட்டங்களையும் வேகமான கோர்களில் மட்டும் கட்டிவையுங்கள். லினக்ஸில் டாஸ்க்செட் கட்டளை இதற்கு உதவும். விண்டோஸில் பணி மேலாளரிலேயே எந்த நிரல் எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று குறிக்கும் வசதி உண்டு.

மடிக்கணினியில் சூடு ஒரு பெரிய தொல்லை. தொடங்கியபோது இருந்த வேகம் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். மின்சேமிப்புத் திட்டத்தை அணையுங்கள், சார்ஜரைச் செருகியே வையுங்கள், முடிந்தால் டர்போ வசதியை பயாஸில் நிறுத்திவிட்டு நிலையான வேகத்தில் ஓட்டுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பு, வைரஸ் தடுப்பு வருடல் இரண்டையும் சோதனை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். ஓடும்போது அந்தக் கணினியில் வீடியோ பார்க்க வேண்டாம்.

எஞ்சின் கோப்பு சரியானதா?

ஒரே எஞ்சின் ஒரே பதிப்பில் பல கோப்புகளாகக் கிடைக்கும். பழைய சிபியுவுக்கு ஒன்று, ஏவிஎக்ஸ்2 என்ற சிறப்புக் கட்டளைகள் உள்ள சிபியுவுக்கு ஒன்று, ஏவிஎக்ஸ்512 உள்ளதற்கு ஒன்று என்று. 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் 12-இல் என்என்யுஇ வகை நரம்பு வலை வந்தபின் இந்த வித்தியாசம் முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது. அந்த வலையின் கணக்குகள் இத்தகைய சிறப்புக் கட்டளைகளை நம்பியே வேகமாக ஓடுகின்றன. ஒரு எஞ்சினுக்கு ஏவிஎக்ஸ்2 கோப்பும் மற்றதற்குப் பொதுக் கோப்பும் போட்டால், நீங்கள் எஞ்சினை அளக்கவில்லை, கோப்பை அளக்கிறீர்கள். இன்னொரு கண்ணி: பெக்ஸ்ட் என்ற கட்டளையைப் பயன்படுத்தும் பிஎம்ஐ2 கோப்புகள், ஜென் 3-க்கு முந்தைய ஏஎம்டி ஜென் சில்லுகளில் மெதுவாக ஓடும். பெயரைப் பார்த்து "புதியதுதான் வேகமானது" என்று முடிவுகட்டாமல் ஓட்டி அளந்து பாருங்கள்.

ஸ்டாக்ஃபிஷிலும் வேறு பல எஞ்சின்களிலும் பெஞ்ச் என்ற கட்டளை உண்டு. குறிப்பிட்ட சில நிலைகளைத் தேடி, மொத்தம் எத்தனை கணுக்கள் (தேடலில் தொட்ட நிலைகள்), விநாடிக்கு எத்தனை என்று காட்டும். மொத்தக் கணு எண்ணிக்கை அந்தப் பதிப்புக்கு எழுதியவர்கள் வெளியிட்ட எண்ணோடு அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தக் கோப்பை உருவாக்கியதில் ஏதோ கோளாறு. விநாடிக்கு எத்தனை என்பது உங்கள் கணினியின் வேகம், அதைக் குறித்து வையுங்கள். ஆனால் இரண்டு வெவ்வேறு எஞ்சின்களின் கணு வேகத்தை ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். கணு என்று எதை எண்ணுவது என்பதே எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். "இருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் கணுக்கள்", "இருவருக்கும் ஒரே ஆழம்" என்று வைத்து நடத்தும் போட்டிகள் பார்க்கச் சமமாகத் தோன்றினாலும் வெவ்வேறு எஞ்சின்களுக்கு இடையே நியாயமாகாதது இதனால்தான். ஒரே எஞ்சினின் இரு பதிப்புகளை, அதுவும் தேடல் வேகத்தைத் தொடாத மாற்றங்களைச் சோதிக்கும்போது மட்டும் அது பயன்படும்.

ஹாஷும் மற்ற செட்டிங்குகளும்

ஹாஷ் என்பது எஞ்சின் தான் முன்பு தேடிய நிலைகளைச் சேமிக்கும் இடம். இருவருக்கும் ஒரே அளவு என்பது குறைந்தபட்ச நியாயம். ஆனால் அந்த அளவு நேரத்துக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2017-இல் எழுந்த அதே குறை இங்கேயும் எழும். எஞ்சின் அனுப்பும் வரிகளில் ஹாஷ்ஃபுல் என்று ஓர் எண் வரும். ஆயிரத்தில் எத்தனை பங்கு நிரம்பியது என்பது அதன் பொருள். நடு ஆட்டத்தில் யோசிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அது 1000-ஐத் தொட்டு நின்றால் ஹாஷ் போதவில்லை. ஸ்டாக்ஃபிஷின் மாற்றங்களைச் சோதிக்கும் ஃபிஷ்டெஸ்ட் அமைப்பில் குறுகிய நேரத்துக்கு 16 எம்பி, நீண்ட நேரத்துக்கு 64 எம்பி என்ற அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஒற்றை த்ரெட் சோதனைக்கு அந்த வரம்பு போதும்.

அதிகம் கொடுத்தாலும் ஆபத்து உண்டு. 6 ஆட்டங்கள் ஒரே நேரத்தில், ஆட்டத்துக்கு 2 எஞ்சின், எஞ்சினுக்கு 256 எம்பி என்றால் 3 ஜிபி. நரம்பு வலைகளுக்கான இடம் தனி. நினைவகம் தீர்ந்து கணினி வட்டில் எழுதத் தொடங்கினால் எல்லா ஆட்டங்களும் பாழ்.

எஞ்சினின் சொந்தத் தொடக்கப் புத்தகத்தை அணையுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கற்றுக்கொண்டு கோப்பில் எழுதிவைக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்து, பழைய கற்றல் கோப்புகளை அழித்துவிடுங்கள். மற்றபடி எழுதியவர் வைத்த இயல்பு மதிப்புகளைத் தொடாதீர்கள். ஒரு எஞ்சினை மட்டும் நோண்டிச் சீராக்கிவிட்டு மற்றதை அப்படியே விடுவது நியாயமே இல்லை.

சில காய்களே மிஞ்சிய நிலைகளின் சரியான முடிவைச் சொல்லும் முடிவாட்டத் தரவுகளான சிசிஜி கோப்புகளைப் பொறுத்தவரை, கொடுத்தால் இருவருக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம். 5 காய்கள் வரையிலான தொகுப்பு சுமார் 1 ஜிபி, 6 காய்களுக்கு ஏறத்தாழ 150 ஜிபி. எஸ்எஸ்டி வட்டில் மட்டும் வையுங்கள். சுழலும் வட்டில் வைத்தால் தேடும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

கடிகாரம்

நகர்த்தலுக்கு இத்தனை விநாடி என்று கட்டுவதைவிட, ஒரு மொத்த நேரமும் நகர்த்தலுக்கு ஒரு சிறு கூடுதலும் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. நேரத்தைப் பங்கிடுவதும் எஞ்சினின் திறமைதான். அதைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டால் திறமையில் ஒரு பகுதியை அளக்காமலே விடுகிறோம். கூடுதல் நேரம் எதற்கு என்றால், அது இல்லாமல் நீளும் ஆட்டங்களில் கடைசியில் இரு எஞ்சின்களும் கடிகாரத்தோடு மல்லுக்கட்டும், செஸ் காணாமல் போகும்.

தொடங்குகிறவர்களுக்கு 10 விநாடி, கூடுதல் 0.1 விநாடி நல்ல தேர்வு. ஃபிஷ்டெஸ்டின் குறுகிய நேரச் சோதனையும் இதுதான், நீண்டது 60 விநாடி, கூடுதல் 0.6. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 நகர்த்தல் ஆட்டத்தில் ஒரு பக்கம் அதிகபட்சம் 16 விநாடி செலவழிக்கும், இரு பக்கமும் சேர்ந்து 32. ஆயிரம் ஆட்டங்களுக்கு 32,000 விநாடி. 6 ஆட்டங்கள் இணையாக ஓடினால் சுமார் ஒன்றரை மணி நேரம். வீட்டில் தாராளமாகச் செய்யலாம்.

மூவ் ஓவர்ஹெட் என்று ஒரு செட்டிங் உண்டு. எஞ்சின் நகர்த்தலை அனுப்புவதற்கும் அதை நடத்தும் நிரல் பதிவு செய்வதற்கும் இடையே கழியும் சில மில்லிவிநாடிகளுக்கு எஞ்சின் ஒதுக்கிக்கொள்ளும் இடம் அது. ஸ்டாக்ஃபிஷில் இயல்பு மதிப்பு 10 மில்லிவிநாடி. இந்த செட்டிங் இல்லாத எஞ்சின்கள் மிகக் குறுகிய நேரங்களில் கடிகாரத்தில் தோற்கலாம். நடத்தும் நிரலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிறு நேரச் சலுகை வைக்கலாம். முடிவுகளில் நேரத் தோல்விகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள். நூற்றில் ஒன்று வந்தாலே நிறுத்தி ஆராய வேண்டும். பல எஞ்சின்களும் நேரத்தில் தோற்றால் கோளாறு உங்கள் கணினியில், ஒன்று மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தால் அந்த எஞ்சினில்.

வெவ்வேறு கணினிகளில் ஆடிய ஆட்டங்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டுமானால், கணினியின் வேகத்துக்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பலர் சேர்ந்து நடத்தும் சிசிஆர்எல் தரவரிசையில் இன்டெல் ஐ7-4770கே சில்லை அளவுகோலாக வைத்து ஒவ்வொருவரும் தம் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறார்கள். ஆனால் ஒரே ஆட்டத்தில் ஆடும் இரு எஞ்சின்களும் ஒரே கணினியில் இருப்பதுதான் எப்போதும் பாதுகாப்பு.

லீலா போல கிராஃபிக்ஸ் அட்டையில் ஓடும் எஞ்சினைச் சாதாரண சிபியு எஞ்சினோடு மோதவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. எந்த அட்டை எத்தனை கோருக்குச் சமம் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சூத்திரம் இல்லை. விலையை வைத்துச் சமன் செய்யலாம், மின்சாரத்தை வைத்துச் செய்யலாம், ஒவ்வொன்றும் வேறு விடை தரும். இப்படிப்பட்ட போட்டியை நடத்துவதில் தவறில்லை. ஆனால் அறிக்கையில் "இந்த அட்டை, இந்தச் சிபியு" என்று இரண்டின் பெயரையும் போட்டே முடிவைச் சொல்லுங்கள். இது எஞ்சினைவிட எஞ்சினும் வன்பொருளும் சேர்ந்த ஜோடியைப் பற்றிய முடிவு.

தொடக்க வரிசைகள்

ஒற்றை த்ரெட்டில் ஓடும் எஞ்சின்கள் ஒரே நிலையிலிருந்து கிட்டத்தட்ட ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடக்கூடியவை. தொடக்க நிலையிலிருந்தே 500 ஆட்டங்கள் ஆடவிட்டால் அதில் பெரும்பகுதி நகல்களாக இருக்கலாம். நகலை எண்ணுவது ஒரே சாட்சியைப் பல முறை கூப்பிட்டு விசாரிப்பது போல. அதனால் வெவ்வேறு தொடக்க வரிசைகள் அடங்கிய ஒரு தொகுப்பு கட்டாயம்.

ஒவ்வொரு தொடக்கத்தையும் இரண்டு முறை ஆட வேண்டும், நிறத்தை மாற்றி. வெள்ளைக்குச் சாதகமான நிலை ஒன்று வந்தால் அந்தச் சாதகம் இருவருக்கும் ஒரு முறை கிடைத்துவிடும். டிசிஇசி என்ற எஞ்சின் போட்டித் தொடரில் இறுதிப் போட்டியின் 100 ஆட்டங்களும் இப்படித்தான், 50 தொடக்கங்கள், ஒவ்வொன்றும் இரு முறை. 1000 ஆட்டங்கள் ஆட வேண்டுமானால் குறைந்தது 500 வெவ்வேறு தொடக்கங்கள் தொகுப்பில் இருக்க வேண்டும். கோப்பின் வரிசைப்படியே எடுத்தால் ஒரே வகைத் தொடக்கங்கள் அடுத்தடுத்து வரலாம். கலைத்து எடுங்கள், கலைக்கப் பயன்படுத்திய விதை எண்ணையும் குறித்து வையுங்கள், வேறொருவர் அதே வரிசையைத் திரும்ப ஓட்ட முடியும்.

எவ்வளவு சமநிலையான தொடக்கங்கள் வேண்டும்? எஞ்சின்களின் தரத்தைப் பொறுத்தது. புதிதாக எழுதிய எஞ்சின்கள் சமமான நிலையிலிருந்தும் ஒன்றையொன்று வீழ்த்தும், அவற்றுக்குச் சமநிலைத் தொகுப்பே சரி. உச்சத்தில் இருக்கும் எஞ்சின்களைச் சமமான நிலையில் உட்காரவைத்தால் டிராவுக்கு மேல் டிரா வந்து குவியும், எந்த வித்தியாசமும் தெரியாது. இதற்காகவே யுஎச்ஓ என்ற தொகுப்புகள் வந்தன. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து, வெள்ளைக்குத் தெளிவான ஆனால் வெற்றி நிச்சயமில்லாத சாதகம் உள்ள நிலைகளாகப் பார்த்து எடுத்தவை. வெள்ளையில் அந்தச் சாதகத்தை வெற்றியாக்கி, கறுப்பில் அதே நிலையைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் ஜோடியில் ஒன்றரைப் புள்ளி எடுக்கும். வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நிறம் மாற்றி ஆடுவதைத் தவறவிட்டால் மட்டும் இந்தத் தொகுப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஆட்டத்தை இடையில் முடித்தல்

வெற்றி உறுதியான பிறகும் இராஜா மடியும்வரை ஆடவிட்டால் நேரம் விரயம். அதனால் "இருவரும் தொடர்ந்து சில நகர்த்தல்களுக்கு மதிப்பீடு இவ்வளவுக்கு மேல் என்றால் வெற்றி", "இத்தனையாவது நகர்த்தலுக்குப் பின் தொடர்ந்து பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் டிரா" என்று விதி வைக்கலாம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மதிப்பீட்டின் அளவுகோல் எல்லா எஞ்சினுக்கும் ஒன்றல்ல. ஸ்டாக்ஃபிஷ் 15.1-இலிருந்து அதன் மதிப்பீட்டில் 1.00 என்றால் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்று பொருள்படும்படி மாற்றிவிட்டார்கள். வேறொரு எஞ்சினின் 1.00 அதே பொருள் தராது. ஆகவே ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து முடிக்காமல் இரு எஞ்சின்களும் ஒப்புக்கொண்டால் மட்டும் முடியுங்கள், எல்லையையும் தாராளமாக வையுங்கள். புதிய எஞ்சின்களைச் சோதிக்கும்போது நான் இந்த விதிகளே வேண்டாம் என்பேன். ராணியும் ராஜாவும் இருந்தும் மடிக்கத் தெரியாத எஞ்சின் அந்தப் புள்ளியை இழப்பதுதான் சரி.

முதலில் தன்னோடு தானே

இதெல்லாம் முடிந்ததும் அசல் போட்டியைத் தொடங்க அவசரப்படாதீர்கள். ஒரே எஞ்சினை இரண்டு பெயரில் சேர்த்து, இதே நிபந்தனையில் 1000 ஆட்டங்கள் மோதவிடுங்கள். முடிவு 50 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். பாதி ஆட்டங்கள் டிராவாகும் என்று வைத்துக்கொண்டால், 1000 ஆட்டங்களில் 95 சதவீத நம்பிக்கை எல்லை ஏறத்தாழ 15 எலோ (ஆடும் வலிமையை அளக்கும் தரப்புள்ளி) மேலும் கீழும். அதைத் தெளிவாகத் தாண்டி ஒரு பெயர் வென்றால் உங்கள் ஏற்பாட்டில் எங்கோ ஓட்டை. ஒன்று மெதுவான கோரில் மாட்டியிருக்கலாம், ஹாஷ் ஒன்றுக்கு மட்டும் போய்ச் சேராமல் இருக்கலாம், நிறம் மாறாமல் இருக்கலாம். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். மொத்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

எத்தனை ஆட்டங்கள்?

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். 100 ஆட்டங்கள் முடிந்தன: 38 வெற்றி, 27 தோல்வி, 35 டிரா. புள்ளி 55.5. எலோவில் மாற்றினால் சுமார் 38 அதிகம். நல்ல முன்னிலை போலத் தெரிகிறது, இல்லையா? பிழை எல்லையைக் கணக்கிட்டால் புள்ளி விகிதம் 47.7 முதல் 63.3 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். எலோவில் மைனஸ் 16 முதல் பிளஸ் 95 வரை. அதாவது இந்த எஞ்சின் உண்மையில் பலவீனமானதாகவும் இருக்க வாய்ப்பு உண்டு. அதே விகிதம் 1000 ஆட்டங்களில் வந்தால் (380 வெற்றி, 270 தோல்வி, 350 டிரா) எல்லை பிளஸ் 21 முதல் பிளஸ் 56 வரை சுருங்கும். இப்போது "வலுவானது" என்று தைரியமாகச் சொல்லலாம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டங்கள் வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 5 எலோ வித்தியாசத்தைப் பிடிக்க ஆயிரங்கள் போதாது, பத்தாயிரக்கணக்கில் போக வேண்டியிருக்கும்.

பிடித்த எஞ்சின் முன்னிலையில் இருக்கும் கணத்தில் நிறுத்திவிடுவது இதில் வரும் பெரிய தவறு. சமமான இரண்டு எஞ்சின்கள் ஆடினாலும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒன்று முன்னால் நிற்கும். அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்து நிறுத்துகிறவர் விரும்பிய முடிவையே பெறுவார். இதற்கு இரண்டு வழி. ஒன்று, எண்ணிக்கையை முன்பே முடிவு செய்து, என்ன நடந்தாலும் அதுவரை ஆடுவது. மற்றொன்று எஸ்பிஆர்டி. ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியலாளர் உருவாக்கிய இந்த முறையில் இரண்டு கருதுகோள்களை வைக்கிறோம், உதாரணமாக "வித்தியாசம் 0 எலோ", "வித்தியாசம் 5 எலோ". ஒவ்வொரு முடிவு வரும்போதும் சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓர் எண் கணக்கிடப்படும். இரு பக்கத் தவறுக்கும் 5 சதவீதம் அனுமதித்தால், அந்த எண் பிளஸ் 2.94-ஐத் தொட்டால் மாற்றம் தேறியது, மைனஸ் 2.94-ஐத் தொட்டால் தேறவில்லை. இடையில் எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும் கணக்கு கெடாது, நிறுத்தும் விதி முன்பே எழுதியாகிவிட்டது. கியூட்செஸ், ஃபாஸ்ட்செஸ் இரண்டிலும் இது உள்ளேயே இருக்கிறது. சொந்த எஞ்சினின் மாற்றங்களைச் சோதிக்க இதுவே சிறந்த வழி.

பல எஞ்சின்களை வரிசைப்படுத்த வேண்டுமானால் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் சுற்று நல்லது. ஆர்டோ, பேயஸ்எலோ போன்ற நிரல்களில், ஆட்டங்கள் பதிவான பிஜிஎன் கோப்பைக் கொடுத்தால் எலோவும் பிழை எல்லையும் வரும். அந்த எண் உங்கள் பட்டியலுக்குள் மட்டுமே பொருள் தரும். மனித ஆட்டக்காரர்களின் ஃபிடே தரவரிசையோடு அதை ஒப்பிட முடியாது.

ஓடி முடிந்தபின்

பிஜிஎன் கோப்பை அப்படியே நம்பிவிடாமல் சில ஆட்டங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மதிப்பீடு, ஆழம், எடுத்த நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் ஓர் எஞ்சின் திடீரென்று ஆழம் குறைந்து தடுமாறியது போன்ற விஷயங்கள் கண்ணில் படும். நகல் ஆட்டங்கள் உண்டா என்று பாருங்கள். எஞ்சின் செயலிழந்து தோற்ற ஆட்டங்களை என்ன செய்வது? தோல்வியாகவே எண்ணலாம், மொத்தச் சோதனையையும் ரத்து செய்யலாம். நடுவில் செயலிழப்பதும் எஞ்சினின் குறைதான் என்பதால் நான் முதல் வழியையே ஏற்பேன். எதைச் செய்வதானாலும் அது தொடக்கத்தில் எழுதிய கோப்பில் இருக்க வேண்டும். முடிவைப் பார்த்தபின் ஆட்டங்களைப் பொறுக்கி எடுக்கக் கூடாது.

முடிவைப் பகிரும்போது வெறும் எலோவை மட்டும் போடாதீர்கள். எஞ்சின்களின் துல்லியமான பதிப்பும் கோப்பு வகையும், சிபியு, த்ரெட், ஹாஷ், பாண்டர், நேரக் கட்டுப்பாடு, தொடக்கத் தொகுப்பின் பெயர், முடிவாட்டத் தரவு, இடையில் முடிக்கும் விதி, வெற்றி தோல்வி டிரா எண்ணிக்கை, பிழை எல்லை, நேரத் தோல்விகள், செயலிழப்புகள் இவ்வளவும் ஒரு பத்தியில் அடங்கிவிடும். பிஜிஎன்னையும் சேர்த்துக் கொடுங்கள். வேறொருவர் ஓட்டி வேறு முடிவு வந்தால், முதலில் இருவரின் பெஞ்ச் எண்களையும் வைத்துப் பாருங்கள். அவை பொருந்தினால் அடுத்து பிழை எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவா என்று பாருங்கள். படிந்தால் இரு முடிவுகளுக்கும் இடையே முரண்பாடு இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆட்டங்களைச் சேர்த்து எண்ணலாம். படியவில்லை என்றால் நிபந்தனைப் பட்டியலை வரி வரியாக ஒப்பிடத் தொடங்குங்கள், வித்தியாசம் அநேகமாகக் கோரிலோ தொடக்கத் தொகுப்பிலோ இருக்கும்.